கார் மேல் ஈரம், துணிக்குள் கல்

கார் கழுவும் விஷயத்தில் சென்னைவாசிக்கு மத்தளம்போல இரண்டு பக்கமும் இடி. கழுவிய ஈரத்தை அப்படியே விட்டால், போர் தண்ணீரிலுள்ள உப்பு பானெட் முழுக்க வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். அதற்குப் பயந்து அவசரமாகத் துடைத்தால் பெயின்டில் மெல்லிய கீறல் விழும். புள்ளி மறுநாளே கண்ணில் படுகிறது. கீறல் தெரிய சில மாதங்கள் ஆகும். அதனால் எல்லோரும் புள்ளிக்கு மட்டும் பயப்படுகிறார்கள். புள்ளியைப் பெரும்பாலும் போக்கிவிடலாம். கீறலைப் போக்க வேண்டுமானால் பெயின்டின் மேல் அடுக்கைக் கொஞ்சம் இழந்தாக வேண்டும்.

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகள், தி. நகர் அடுக்ககங்கள், அடையாறு காந்தி நகர் என்று எங்கே பார்த்தாலும் காலை ஆறு மணிக் காட்சி ஒன்றுதான். ஒரு வாளி தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி, வரிசையாகப் பத்து கார்கள். முதல் கார் முடிவதற்குள் வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். அதே தண்ணீரில் அதே துணியைப் பிழிந்து அடுத்த காருக்குப் போவார் துடைப்பவர். அவரைக் குறை சொல்வது அநியாயம். வாளியையும் துணியையும் கொடுத்தது கார்க்காரர்கள். ஒரு காருக்குப் பத்து நிமிஷம்கூட ஒதுக்க முடியாத மாதச் சம்பளத்தைப் பேசி முடித்ததும் அவர்களே. அந்த வாளிக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

நாம் கைவைத்துத் தடவிப் பார்ப்பது காரின் நிறத்தை அல்ல. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கும் மேல் நிறம், எல்லாவற்றையும் மூடினாற்போல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான்; ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. காரின் பளபளப்பு முழுக்க இந்த அடுக்கில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் இதுவே.

பாலிஷ் போட்டால் கீறல் போய்விடும் என்று கடைகளில் சொல்வார்கள். உண்மையில் கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். பள்ளம் மறைவது மேடு குறைவதால்தான். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். இருப்பதே நாற்பதோ ஐம்பதோ என்னும்போது இதை வருஷா வருஷம் செய்ய முடியாது. மெலிந்துபோன கிளியர் கோட் நம் ஊர் வெயிலில் வெளுத்து, கூரையிலும் பானெட்டிலும் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அப்புறம் மறு பெயின்ட்தான்.

கீறுவது யார்? துணியைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். சுத்தமான மெல்லிய துணி சுத்தமான பெயின்டைத் தொடுவதால் பெரிய சேதம் எதுவும் வராது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மணல்தான் கீறுகிறது. 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் கனிமங்களின் கடினத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். எது எதைக் கீறும் என்பதே அதன் அடிப்படை. டால்க் 1, வைரம் 10. சாதாரண ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறும் கல்லுக்கு பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த கிளியர் கோட் ஒரு பொருட்டே அல்ல.

சென்னைத் தூசியில் குவார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. மெரினா, எலியட்ஸ் கடற்கரை மணலின் பெரும்பகுதி அதுதான். இன்னொரு ஊற்று பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னாகைட் என்று பெயர் வைத்தார். 1900-இல் வெளியான அவருடைய நீண்ட ஆய்வுக்குப் பின் அந்தப் பெயர் உலகப் புவியியலில் நிலைத்துவிட்டது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இந்தக் கல்லில் கலந்திருக்கின்றன. ஃபெல்ஸ்பாரின் கடினம் 6. இந்த மாதிரிக் கல்லை உடைத்துத்தான் ஜல்லியும் எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலும் ஆக்குகிறார்கள். லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் அடையாறிலும் மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. தெருவுக்கு இரண்டு பழைய வீடுகள் இடிந்து அடுக்ககமாக எழுகின்றன. அங்கிருந்தெல்லாம் பறக்கும் உடைத்த கல்லின் துகளுக்குக் கடல் மணலைப்போல் உருண்டு தேய்ந்த வடிவம் கிடையாது. விளிம்பு கூராகவே இருக்கும்.

அந்தக் கூர்மைக்கு ஒரு கணக்கு உண்டு. பத்து மைக்ரான் பக்கமுள்ள சதுர முனை ஒன்றின் மேல் ஒரே ஒரு கிராம் எடை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஏற்படும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு அருகில் வருகிறது. துடைக்கும் கை எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் ஒரு கிராம் எடையைவிடக் கூடுதலாகத்தான் அழுத்தும். 1953-இல் ஜே. எஃப். ஆர்ச்சர்டு வெளியிட்ட தேய்மான விதி சொல்வதும் எளிமையானதுதான்: அழுத்தம் கூடினால் தேய்மானம் கூடும், இழுக்கும் தூரம் கூடினாலும் கூடும். துணியை வைத்து இழுக்காமல் வெறுமனே ஒற்றி எடுத்தால் அந்தத் தூரம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். காரைக் கீறாமல் ஈரம் எடுக்கும் கலையின் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

கருப்புக் காரின் மேல் வெயில் விழும்போது சூரியப் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழே பிடித்தாலும் இதே வட்டங்கள். வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பரப்பில் எல்லாத் திசைகளிலும் நுண்கீறல்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு கீறலும் தன் நீளத்துக்குக் குறுக்காகவே ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே ஒளிப் பிம்பத்தைச் சுற்றி வரையும் வட்டத்தின் போக்கில் கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு ஒளி அனுப்புகின்றன, மற்றவை மறைந்துகொள்கின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் உண்டு. அடியிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு நிறமி எல்லாப் பக்கமும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கீறலின் மினுக்கு அதில் கரைந்துவிடுகிறது. துடைத்தே ஆக வேண்டுமானால் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் துடைக்கச் சொல்வதன் காரணமும் இதில் இருக்கிறது. கீறல் விழுந்தாலும் ஒரே திசையில் விழும், ஒரு சில கோணங்களில் மட்டும் தெரியும்.

செராமிக் கோட்டிங் போட்டாயிற்று, 9எச் கடினம், இனிக் கவலையில்லை என்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 9எச் பென்சில் அளவுகோலைச் சேர்ந்தது. பெயின்டின் மேல் வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் கோடு இழுத்துப் பார்க்கும் சோதனை அது. மோஸ் அளவுகோலின் 9-க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பரங்கிமலைக் கல்துகள் செராமிக்கின் மேலும் கீறும்.

இனி தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் திடப்பொருள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தென் சென்னையில் போர் தண்ணீரின் குணம் தெருவுக்குத் தெரு மாறும்; ஒரு தெருவில் வாயில் வைக்க முடியாத உப்பு, அடுத்த தெருவில் சுமார். 1,500 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் கழுவிய கார் மேல் கால் லிட்டர் தங்கிக் காய்ந்தால், 375 மில்லிகிராம் உப்பு பெயின்டிலேயே தங்கிவிடும்.

அது பரவலாகப் படிந்தால்கூடக் கண்ணை உறுத்தாது. ஒரு சொட்டு காயும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. சொட்டின் விளிம்பு பரப்பைக் கவ்விக்கொண்டு நகராமல் நிற்கும். விளிம்பில் நீர் மெலிந்திருப்பதால் அங்கே ஆவியாவதும் வேகம். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது மிதக்கும் துகளையும் அள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்க்கிறது. டம்ளர் சிந்திய காபி மேசையில் காயும்போது ஓரம் மட்டும் கருத்து வளையமாவது இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் சகாக்களும் 1997-இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். வாக்ஸோ செராமிக்கோ பூசிய காரில் நீர் முத்து முத்தாக நிற்பது பார்க்க அழகு. ஆனால் உயரமாகக் குவிந்த முத்து தன் உப்பு முழுவதையும் ஒரு சின்ன வட்டத்தில் இறக்கிவிடும். போர் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் நிறுத்தினால் கோட்டிங் போட்ட காரில்தான் புள்ளி இன்னும் அழுத்தமாக விழும்.

புள்ளியில் உள்ளதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. சமையல் உப்பு அடுத்த முறை நீர் பட்டதும் கரைந்துவிடும். கெய்சருக்குள் படிகிற சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், வெறும் நீரில் கரையாது. பாதிக்குப் பாதி நீர் கலந்த வெள்ளை வினிகரை ஒற்றி, சில நிமிஷத்தில் நன்றாகக் கழுவிவிட்டால் போகும். சிலிக்கா படிந்தால் வினிகருக்கும் மசியாது. சூடான தகட்டில் எல்லாமே வேகமாக நடக்கும். கத்திரி வெயிலில் நின்ற காரின் மேல் தண்ணீர் ஊற்றினால், ஒரு பக்கம் கழுவும்போதே மறுபக்கம் புள்ளி விழுந்துவிடும். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அதிகாலையோ, நிழலில் நின்று ஆறிய மாலையோதான் கழுவ ஏற்ற நேரம்.

நல்லெண்ணத்தால் நேரும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி நகரம் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. அதற்குப் பிறகு ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைப் பிடித்துவைத்துக் கார் கழுவும் வழக்கம் பல வீடுகளில் வேரூன்றியது. நீரை வீணாக்காத அந்த மனம் போற்றத்தக்கது. ஆனால் நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீர் வந்தால், நான்கு லிட்டரின் உப்பும் ஏறக்குறைய முழுவதுமாக மீதி மூன்று லிட்டரில் நிற்கிறது. சக்கரம், சேறு படிந்த அடிப்பக்கம், வாசல் தரை இவற்றுக்கு அது போதும். பெயின்டின் மேல் கடைசியாகப் படும் தண்ணீர் அதுவாக இருக்கக் கூடாது.

கடைசி அலசலுக்கு மிகச் சிறந்த தண்ணீர் நம் வீட்டிலேயே சும்மா ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஏசியின் குளிர்ந்த குழாய்ச் சுருளில் காற்றின் ஈராவி குளிர்ந்து சொட்டும் நீர் அது. தரையைத் தொடாத, கனிம உப்பு இல்லாத நீர். புழுக்கமான சென்னை இரவில் ஒரு ஏசி மணிக்கு ஒரு லிட்டர்கூடத் தரும். விடிவதற்குள் அரை வாளி சேர்ந்துவிடும். குடிக்க உதவாது. மெல்லிய துணியில் வடிகட்டினால் காருக்கு அமிர்தம். கார் ஆலைகளிலும் பெயின்ட் பிரிவில் தகட்டைக் கடைசியாக அலசுவது உப்பு நீக்கிய நீரில்தான். மழைநீரைத் தொட்டியில் பிடிக்கிறவர்களுக்கு அதுவும் ஆகும், முதல் மழையைக் கழித்துவிட்டால்.

இப்படி அலசினால் துடைக்கும் அவசரம் பாதியாகக் குறைந்துவிடும். உப்பில்லாத நீர் காய்ந்தாலும் பெரிதாக எதையும் விட்டுப் போகாது. அப்போதுதான் நிதானமாக ஈரம் எடுக்க முடியும்.

நிதானம் என்றால் முதலில் தண்ணீரைத் தானாக இறங்க விடுவது. கடைசி அலசலின்போது பலரும் ஹோஸின் வாயில் விரலை அழுத்திப் பீய்ச்சுவார்கள். அது பரப்பு முழுக்க ஆயிரம் சொட்டுகளைத் தெளித்துவிட்டுப் போகும். விரலை எடுத்துவிட்டு, ஹோஸைக் கூரைக்குப் பக்கத்தில் பிடித்து, அழுத்தமில்லாமல் வழிய விடுங்கள். மக்கில் மொண்டு ஊற்றுவதானாலும் கூரை உச்சியிலிருந்து மெதுவாக. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் குணத்தால், படலமாக இறங்கும் நீர் வழியில் நிற்கும் சொட்டுகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு இறங்கும். நல்ல வாக்ஸ் உள்ள பானெட்டில் இதைச் செய்து பார்த்தால், படலம் ஓரத்துக்கு நகர நகர அதன் பின்னால் பெரும்பாலும் உலர்ந்த பெயின்ட் தெரிவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு பைசா செலவில்லை, ஒரு கீறல் இல்லை.

இதற்குப் பிறகு மீதமிருப்பது இடுக்குகளில் ஒளிந்த நீர். பக்கக் கண்ணாடியின் கூட்டுக்குள், கதவுப் பிடியின் பின்னால், நம்பர் பிளேட்டின் அடியில், ஜன்னல் ரப்பரின் ஓரத்தில். எல்லாம் துடைத்து முடித்து ஐந்து நிமிஷம் கழித்து அங்கிருந்து ஒரு கோடு வழிந்து வரும். தூசி ஊத வீட்டில் ஒரு கை ப்ளோயர் இருந்தால் முதலில் அந்த இடுக்குகளை ஊதிவிட வேண்டும். காற்று பெயின்டைத் தொடுவதில்லை. அதனால் அதைவிட நல்ல துணி கிடையாது.

பிறகுதான் டவல். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ மிக நுண்ணிய செயற்கை இழைகளை உருவாக்கினார். இன்றைய மைக்ரோஃபைபர் அந்த வழியில் வந்தது. பாலியெஸ்டரும் பாலிஅமைடும் சேர்ந்த இழையைப் பல கீற்றுகளாகப் பிளந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கீற்றும் பருத்தி இழையைவிடப் பல மடங்கு மெல்லியது. இடைவெளி குறுகக் குறுக நீரை உறிஞ்சி இழுக்கும் நுண்புழை ஆற்றல் கூடும். காருக்கு வேண்டியது நீண்ட மெல்லிழைப் பரப்புள்ள தடித்த டவல். துகள் ஏதாவது மிச்சமிருந்தால் இழைகளுக்கு நடுவே உள்ளே போய் ஒதுங்க அதில் இடம் உண்டு. பெயின்டோடு ஒட்டி நின்று உழாது.

ஷாமி துணியில் குறைபடுவது அந்த இடம்தான். ஷாமி முதலில் தோல்; மீன் எண்ணெயில் பதப்படுத்தியது. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து இழைகளைப் பிணைப்பதால் நனைந்தாலும் விறைக்காமல் நீரை நிறையக் குடிக்கும். இன்று சிக்னலில் விற்கும் மஞ்சள் ஷாமி பெரும்பாலும் செயற்கைப் பொருள். தோலோ செயற்கையோ, இரண்டுமே வழவழப்பான தட்டைப் பரப்பு. ஒரு மணல் துகள் மாட்டினால் அதற்கு ஒதுங்க இடமில்லை. இழுக்கும் தூரம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே வரும். ஜன்னல் கண்ணாடிக்கு ஷாமியை வைத்துக்கொள்ளலாம், பெயின்டுக்கு வேண்டாம்.

டவலை லேசாக நனைத்துப் பிழிந்துகொண்டால் நீரை இன்னும் வேகமாக வாங்கும். அதை விரித்துக் கூரையின் மேல் பரப்பி, உள்ளங்கையால் மெல்லத் தட்டி, எடுத்து அடுத்த இடத்தில் பரப்புங்கள். பெரிய தட்டைப் பரப்புகளில் இரண்டு மூலைகளைப் பிடித்து, தன் எடையிலேயே நகரும்படி மெதுவாக ஒரு முறை இழுக்கலாம். மேலே கை வைத்து அழுத்தக் கூடாது. கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று மேலிருந்து கீழே வர வேண்டும். சேறு தெறிக்கும் கதவின் அடிப்பாகத்துக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி. டவல் தரையில் விழுந்துவிட்டால் அந்த நாளைக்கு அது பெயின்டைத் தொடக் கூடாது. புதிய டவலில் தைத்திருக்கும் பிராண்டு லேபிளை முதலில் கத்தரித்து எறிந்துவிடுங்கள். தையல் விளிம்பும் கடினமானது. அதை உள்பக்கமாக மடித்துப் பிடியுங்கள்.

இவ்வளவும் பலிக்க ஒரு நிபந்தனை: ஈரம் எடுக்க ஆரம்பிக்கும்போது கார் மேல் மணல் இருக்கக் கூடாது. ஷாம்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வைத்தால் மணல் இரண்டாவது வாளியின் அடியில் தங்கிவிடும்.

உண்மையில் சென்னைக் கார்களுக்கு அதிகக் கீறல் விழுவது கழுவும் நாளில்கூட அல்ல. மார்கழி, தை மாதங்களில் விடிகாலைப் பனி கார் மேல் மெல்லிய நீர்ப் படலமாகப் படியும். ராத்திரியெல்லாம் படிந்த தூசி, போகிப் புகையின் கரி எல்லாம் அதற்குள். கார் நனைந்திருக்கிறதே, துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று தோன்றும். அது கழுவிய ஈரம் அல்ல. கல்துகள் ஊறிய சேறு. அதை வறட்டுத் துணியால் இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு அடுத்தபடி. முன் கண்ணாடியை வைப்பர் பார்த்துக்கொள்ளும். பெயின்டைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. ஆயுத பூஜைச் சந்தனமும் அப்படித்தான். காய்ந்ததைச் சுரண்டாமல் ஈரத் துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி வைத்தால் தானே நெகிழ்ந்து வந்துவிடும்.

ஆகவே மாதச் சம்பளத்துக்குத் துடைக்கிறவரிடம், "அண்ணே, தினமும் வெறும் துணியால துடைக்க வேணாம், வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவுனாப் போதும், சம்பளம் அதேதான்" என்று சொல்லிவிடலாம். கூடவே இரண்டாவது வாளி ஒன்றும் நான்கு டவல்களும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அவருடைய இடுப்புக்கும் அது நல்லது.

டவல்களை வீட்டுத் துணியோடு போட வேண்டாம். பருத்தி நூல் பிசிறு அதில் ஒட்டிக்கொண்டு போகாது. துணிக்கு மென்மையும் வாசனையும் தரும் திரவத்தையும் ஊற்றக் கூடாது. அது இழைகளின் மேல் கொழுப்புப் பூச்சாகப் படிந்து நுண்ணிய இடைவெளிகளை அடைத்துவிடும். கொஞ்சம் சோப்பு நீர், வெதுவெதுப்பாக, அவ்வளவே. காய்ந்தபின் மூடியுள்ள டப்பாவில் வைக்கவும். மொட்டை மாடிக் கொடியில் இரண்டு நாள் தொங்கினால் பக்கத்துக் கட்டடத்தின் எம்-சாண்ட் அதிலும் ஏறிவிடும்.